மாத்தி வெச்சது

எனக்குத் தமிழ் தெரியும் என்ற திமிர் அந்த வயதில் கொஞ்சம் அதிகமாகவே இருந்தது. பாளையங்கோட்டையில் படித்தவன். எண்பதுகளின் தொடக்கத்தில் திருவனந்தபுரத்தில் ஒரு பொறியியல் கல்லூரியின் கம்ப்யூட்டர் அறையில் வேலை கிடைத்து வந்தபோது, அந்த ஊர்த் தமிழைக் கேட்டு முதல் மாதம் முழுக்கச் சிரித்தேன். சிரித்ததற்கு அனுபவித்தேன் என்று சொல்ல முடிந்தால் மனது ஆறிவிடும். ஆனால் அனுபவித்தது நானில்லை, வேறொருவர். அதனால்தான் இதை எழுத இத்தனை வருஷம் வெட்கமாக இருந்தது.

அந்த அறைக்குத் தலைவராக இருந்தவரும் தமிழர்தான். கிழக்கேகோட்டைக்கு உள்ளே, கோயிலைச் சுற்றிய அக்கிரகாரத் தெரு ஒன்றில் பிறந்து வளர்ந்தவர். வீட்டில் தமிழைத் தவிர வேறு பாஷையே கிடையாது என்று சத்தியம் செய்வார். அடுத்த வாக்கியத்திலேயே "நான் அப்பவே பறஞ்சேனே, ஓர்மை இல்லியா ஓய்?" என்பார். சொன்னேனே, ஞாபகம் இல்லையா என்று அர்த்தம். ஏதாவது தப்பு நடந்துவிட்டால் "சாரமில்லே" என்பார். பரவாயில்லை என்று அர்த்தம். "சாரமில்லாதது நம்ம கேன்டீன் ரசம்தான் சார்" என்று நான் முகத்துக்கு நேரே சொல்வேன். அவர் சிரித்துக்கொள்வார். "நீர் பாண்டியோன்னோ, உமக்குச் சுத்தத் தமிழ்" என்பார். பாண்டி என்றால் அங்கே தமிழ்நாட்டுக்காரன். அவர் சொன்னதில் கிண்டல் இருந்தது என்றுகூட எனக்கு அப்போது தெரியவில்லை.

கம்ப்யூட்டர் அறைக்குள் செருப்போடு போகக் கூடாது. வாசலில் கழற்றிப் போட்டுவிட்டு, கதவை ஒருக்களித்துத் திறந்து, குளிர்ந்த காற்று வெளியே போவதற்குள் உள்ளே நுழைந்துவிட வேண்டும். உள்ளே இரண்டு பீரோ அளவுக்கு இயந்திரம், ஐந்து டெர்மினல், ஒரு டேப் டிரைவ், ஒரு பிரின்டர். டிஸ்க் என்பது கனமான தட்டுகளின் அடுக்கு. அப்பளச் சம்படம் மாதிரி மூடி போட்டு வைத்திருக்கும். இயந்திரத்தில் ஒன்று சுற்றிக்கொண்டிருக்கும். உபரியாக ஒன்று இரும்பு அலமாரியில் பூட்டி இருந்தது. கல்லூரி முழுவதும் நாற்பது பேர், அவர்கள் எழுதியது எல்லாம் சுற்றுகிற அந்த ஒரு டிஸ்கில்தான் இருந்தது.

அந்த நாற்பது பேரில் ஒருவர் சிவில் துறையில் தாற்காலிக விரிவுரையாளராக இருந்த ஒரு பெண். அந்த ஊர் வழக்கப்படி கல்லூரியிலும் எல்லோருக்கும் அவர் டீச்சர்தான். என்னைவிட ஏழெட்டு வயது மூத்தவர். எனக்கு அவர் 'டீச்சர்', அவருக்கு நான் 'சாரே'. திருவனந்தபுரத்தில் தடுக்கி விழுந்தால் ஒரு சாரின் மேல்தான் விழவேண்டும், அவ்வளவு சார்கள்.

அவர் பிஎச்.டி.க்காகச் செய்துகொண்டிருந்தது பொன்முடி மலைச்சரிவில் மழைக்காலத்தில் மண்ணுக்குள் தண்ணீர் எவ்வளவு ஏறுகிறது என்ற கணக்கு. தேயிலைத் தோட்டத்துக்கு மேலே சரிவில் பன்னிரண்டு இடத்தில் குழாய் புதைத்து வைத்திருந்தார். ஒரு சனிக்கிழமை விட்டு மறு சனிக்கிழமை கிழக்கேகோட்டையிலிருந்து முதல் பஸ்ஸில் வித்துராவுக்குப் போய், அங்கே மலைக்குப் போகிற பஸ்ஸுக்காகக் காத்திருந்து, அது வராவிட்டால் தேயிலை லாரியில் ஏறி, வளைவுகளில் இரண்டு தடவை வாந்தி எடுத்து, குழாய்க்குள் நூல் விட்டு அளந்து எழுதிக்கொண்டு வருவார். திங்கட்கிழமை காலில் அட்டை கடித்த தடத்தோடு வருவார். அப்படி நான்கு வருஷம். நான்கு மழைக்காலம். அதைத்தான் அவர் வரைபடமாகப் போட வேண்டியிருந்தது.

எங்கள் பிரின்டர் வரைபடம் என்று எதைப் போட்டது தெரியுமா? கோடு போட அதற்குத் தெரியாது. நட்சத்திரக் குறியாக வரிசைக்கு ஒன்று அடித்துத் தள்ளும். டீச்சரின் கைடு அதைப் பார்த்துவிட்டு, இது என்ன பஞ்சாங்கமா என்று திருப்பிக் கொடுத்துவிட்டார். அந்த நட்சத்திரப் படத்தைப் போடுகிற நிரலின் பெயர் PLOT. நாற்பது பேரிடமும் ஆளுக்கொரு பிரதி இருந்தது. எல்லோரும் தங்களுக்கு வேண்டியபடி அதைத் திருத்தி வைத்திருந்தார்கள்.

டீச்சர் ஒரு நாள் என்னிடம் வந்து, எண்களைத் தனிக் கோப்பாக வைத்துப் படிக்கச் சொல்வது எப்படி என்று கேட்டார். அன்றைக்கு எனக்குத் தலைவலி. "அதெல்லாம் எதுக்கு டீச்சர்? அந்த PLOT-க்குள்ளயே எண்ணையும் எழுதிருங்க, வேல முடிஞ்சிரும்" என்றேன். அவர் அப்படியே செய்தார். நான்கு வருஷக் கணக்கும் அந்த நிரலின் வயிற்றுக்குள் போனது. சொன்னவனுக்கு மறந்துபோனது.

பிறகு ஒரு பிளாட்டர் வந்தது. பேனாவைப் பிடித்துக்கொண்டு தானே கோடு போடுகிற இயந்திரம். வந்ததே தவிர, அதை இயக்குகிற நிரல்கள் வரவில்லை. எட்டு மாதம் பிளாஸ்டிக் உறையைப் போர்த்திக்கொண்டு மூலையில் உட்கார்ந்திருந்தது. டீச்சர் வாரம் ஒரு தடவை வந்து உறையைத் தூக்கிப் பார்த்துவிட்டுப் போவார். "எனிக்கு ஈ ஒரு கிராஃப் கிட்டியால் மதி, சாரே" என்பார். இந்த ஒரு வரைபடம் கிடைத்தால் போதும் என்று. அவருடைய பிஎச்.டி. பதிவு முடிய ஐந்து மாதம்தான் இருந்தது. பட்டம் வராவிட்டால் தாற்காலிக வேலையும் நீடிக்காது.

கடைசியில் வடக்கே ஒரு பெரிய நிறுவனம், வெற்று டேப் அனுப்பினால் தங்கள் வரைபட நிரல்களைப் பதிந்து தருகிறோம் என்று எழுதியது. எங்களிடம் வெற்று டேப் இல்லை. கேட்டு எழுதிய கடிதம் கொள்முதல் பிரிவில் தூங்கியது. டிஸ்கில் உள்ளதையெல்லாம் வாராவாரம் நகல் எடுத்து வைக்கிற டேப் ஒன்றுதான் இருந்தது. தலைவர் அதையே அனுப்பிவிட்டார். "ஒரு மாசம்தானே, சாரமில்லே" என்றார். ஒரு மாதம் நகல் இல்லாமல் ஓட்டினோம். ஒன்றும் ஆகவில்லை.

டேப், பழைய நகலின் மேல் புது நிரல்கள் பதிந்து, திரும்பி வந்த அன்று வெள்ளிக்கிழமை. தலைவர் அன்று மத்தியானம் ரயிலேறி ஒரு கூட்டத்துக்கு வெளியூர் போகவேண்டியிருந்தது. கையில் பையோடு வாசலில் நின்று செருப்பை மாட்டிக்கொண்டே சொன்னார்:

"ஓய், இடம் பத்தாது. ஆளுக்கொண்ணா வெச்சிருக்கிற பழைய PLOT எல்லாத்தையும் மாத்தி வெச்சுட்டு, புதுசை எல்லார்க்கும் பொதுவா ஒரே இடத்திலே போட்டுடும். மனசிலாச்சோ?"

"புரிஞ்சுது சார்" என்றேன். மனசிலாச்சோ என்றால் புரிந்ததா என்று அர்த்தம். அது எனக்குத் தெரியும். அந்தப் பெருமையில், அதற்கு முன்னால் அவர் சொன்ன வார்த்தையை நான் தமிழென்றே எடுத்துக்கொண்டேன்.

மாத்தி வை என்றால் எங்கள் ஊரில் என்ன? பழையதை எடுத்துவிட்டு அந்த இடத்தில் புதியதை வைப்பது. பல்பை மாத்தி வை, தட்டை மாத்தி வை. நான் அதைத்தான் செய்தேன். நாற்பது பேர் இடத்திலும் புகுந்து, பழைய PLOT-ஐ அழித்து, அந்த இடத்தில் பொது நிரலுக்கு வழிகாட்டும் ஒரே ஒரு வரியை எழுதுகிற மாதிரி ஒரு கட்டளைக் கோவை தயார் செய்தேன். இருபது நிமிஷத்தில் எல்லாம் முடிந்தது. டிஸ்கில் கொள்ளை இடம் காலியாகியிருந்தது. எனக்கு நானே முதுகில் தட்டிக்கொண்டேன்.

புதிய நிரல்கள் லேசில் படிந்து வரவில்லை. அங்கே எழுதியது வேறு இயந்திரத்துக்கு. எங்கள் கம்பைலர் பக்கத்துக்கு முப்பது பிழை துப்பியது. சனி, ஞாயிறு, திங்கள் மூன்று நாளும் பகலெல்லாம் அங்கேயே கிடந்தேன். ஒவ்வொரு நிரலாகத் திருத்தி, தொகுத்து, காலியான இடத்தில் வரிசையாக ஏற்றினேன். முதலில் வட்டம் போடச் சொன்னால் பிளாட்டர் முட்டை போட்டது. செவ்வாய்க்கிழமை காலை பதினோரு மணிக்கு ஒழுங்கான வட்டம் போட்டது. பேனா காகிதத்தில் உராய்கிற சத்தம் அவ்வளவு இனிமையாக இருந்தது. ஓடிப்போய் சிவில் துறையில் டீச்சரிடம் சொன்னேன். சந்தோஷம் என்று ஒன்றை அந்த வேலையில் நான் கண்டது அந்த ஒரு மணி நேரம்தான்.

மத்தியானம் அவர் குடையை மடக்கிக்கொண்டு வந்தார். எனக்கு ஒரு பொட்டலம் ஏத்தங்காய் உப்பேரி, நேந்திரங்காய் வறுவல். டெர்மினலில் உட்கார்ந்து தன் PLOT-ஐத் திறந்தார். திரையில் ஒரு வரி வந்தது.

"இதெந்தா சாரே, ஒரு வரியோ? பாக்கி எவிடே?"

மீதி எங்கே என்று கேட்கிறார். அந்த நொடியில்தான், எண்ணையும் அதற்குள்ளேயே எழுதிருங்க என்று நான் சொன்னது நினைவுக்கு வந்தது.

"பாக்கேன் டீச்சர், பாக்கேன்" என்றேன். உப்பேரியைக் கையில் வைத்துக்கொண்டே பார்த்தேன். டிஸ்கில் ஒன்றை அழித்தால் எழுத்து உடனே போய்விடாது. இந்த இடம் காலி என்ற குறிப்பு மட்டும்தான் விழும். அதன் மேல் வேறொன்றை எழுதாதவரை தோண்டி எடுத்துவிடலாம். நான் எழுதியிருந்தேன். மூன்று நாளாக, முட்டையை வட்டமாக்குகிறேன் என்று, அவருடைய நான்கு மழைக்காலத்தின் மேல்தான் ஏற்றி எழுதிக்கொண்டிருந்தேன். நாளைக்குப் பார்த்துச் சொல்கிறேன் என்று அவரை அனுப்பிவைத்தேன்.

மறுநாள் காலை தலைவர் வந்தார். சொன்னேன்.

"அழிச்சேரா? யார் பறஞ்சா அழிக்க? மாத்தி வெக்கத்தானே பறஞ்சேன்!"

"மாத்தித்தான் சார் வெச்சேன். பழசை எடுத்துட்டுப் புதுச வெச்சேன்."

"ஐயோ, மாத்தி வெக்கறதுன்னா..." என்று அவர் நிறுத்தினார். கையால் ஏதோ ஒன்றை எடுத்துத் தள்ளி ஓரமாக வைப்பதுபோலக் காட்டினார். பிறகு சாவியை எடுத்து இரும்பு அலமாரியைத் திறந்தார். உபரி டிஸ்க் மூடியோடு இருந்தது. "இதிலே. இதிலே மாத்தி வெச்சுட்டு, பின்னே புதுசைப் போடும்னேன்."

மலையாளத்தில் மாற்றி வைப்பது என்றால் பத்திரமாக ஒதுக்கி வைப்பது. அவர் தமிழ் பேசுவதாக நினைத்து மலையாளம் சொன்னார். நான் மலையாளத்தைத் தமிழாகக் கேட்டேன். அவர் முழு மலையாளத்தில் சொல்லியிருந்தால் நான் பயந்து இரண்டு தடவை கேட்டிருப்பேன். தாய்மொழியில் பேசிக்கொண்டதால் இரண்டு பேருமே கேட்கவில்லை. ஊருக்கெல்லாம் தமிழ் திருத்தினவன், திருத்த வேண்டிய ஒரு வார்த்தையைக் கோட்டைவிட்டேன்.

மற்றவர்கள் இழந்தது நட்சத்திரம் போடுகிற நிரல்தான். அது யாருக்கும் வேண்டாம். டீச்சருக்கு மட்டும்தான் உள்ளே எண்கள் இருந்தன. கையால் எழுதிய நோட்டு இருக்கிறதே என்று டீச்சரிடம் ஓடினேன். கடைசி இரண்டு வருஷ நோட்டு இருந்தது. முதல் இரண்டு வருஷத்தது, கம்ப்யூட்டரில்தான் ஏற்றியாயிற்றே என்று பரணில் போட்டதில், கரையான் அரித்து அட்டை மட்டும் மிஞ்சியிருந்தது. மண்ணைத் தட்டிவிட்டு அந்த அட்டையை அவர் என்னிடம் காட்டினார். முதல் வருஷம்தான் பெரிய மழை பெய்து, சரிவில் ஒரு பகுதி இறங்கியது. அவருடைய ஆய்வுக்கு உயிர் அதுதான்.

என்ன ஆயிற்று என்று கேட்டார். "டிஸ்க் கேடாயிப்போயி, டீச்சர்" என்றேன். டிஸ்க் கெட்டுவிட்டது. பிழையே இல்லாமல் நான் பேசிய முதல் மலையாள வாக்கியம் அதுதான்.

அப்படிச் சொல்லச் சொன்னவர் தலைவர். "பறஞ்சா உமக்கு வேலை போயிடும். பறயலேன்னா அவளுக்கு ஒண்ணும் திரும்பிக் கிடைக்கப் போறதில்லே. பின்னே எதுக்குப் பறயணும்?" என்றார். அவர் மேல் பழியைப் போட்டு நான் தப்பிக்கப் பார்க்கவில்லை. அந்த வாதத்தைக் கேட்டபோது எனக்கு நிம்மதியாகத்தான் இருந்தது. வீட்டில் தங்கை கல்யாணத்துக்கு இருந்தாள், அது இது என்று எனக்கு நானே காரணம் அடுக்கிக்கொண்டேன். பயந்தாங்கொள்ளிக்குக் காரணமா கிடைக்காது?

சில நாள் கழித்து டீச்சர், நடந்ததைப் பல்கலைக்கழகத்துக்குக் காட்ட ஒரு கடிதம் வேண்டும் என்றார். தலைவர் சொல்லச் சொல்ல நான்தான் டைப் அடித்தேன். டிஸ்க் பழுதடைந்ததால் தரவு இழக்கப்பட்டது என்று ஒரு வரி. கடிதத்தை வாங்கிப் படித்துவிட்டு, இது போதுமா என்று என்னையே கேட்டார். "போதும் டீச்சர்" என்றேன். எதற்குப் போதும், எதற்குப் போதாது என்று எனக்கு என்ன தெரியும்?

மிஞ்சிய இரண்டு வருஷ எண்களை நானே உட்கார்ந்து ஏற்றிக் கொடுத்தேன். தனிக் கோப்பில், நகலோடு. வரைபடம் போட்ட அன்று அவர் பக்கத்திலேயே நின்றார். நான்கு வருஷத்துக்கும் சேர்த்து, காலம் காட்டுகிற அச்சுக்கோடு போடச் சொல்லியிருந்தார். மூன்றாம் வருஷத்திலிருந்து தொடங்கிவிடலாமே, பார்க்க நன்றாக இருக்கும், அந்தக் காலியிடம் எதற்கு என்றேன்.

"இருந்நோட்டே, சாரே. ஞான் அவிடே போயதல்லே" என்றார். இருக்கட்டும், நான் அங்கே போனேன் அல்லவா என்று.

எண் இல்லாத இடத்தில் பிளாட்டர் பேனாவைத் தூக்கிக்கொள்ளும். அப்படித்தான் அந்த நிரலை நான் ஏற்றியிருந்தேன். பேனா தூக்கியபடியே முதல் வருஷத்தைக் கடந்தது. இரண்டாம் வருஷத்தைக் கடந்தது. காகிதத்துக்கு மேலே, தொடாமல், சத்தமில்லாமல் போனது. மூன்றாம் வருஷம் ஜூன் மாதத்தில் இறங்கிக் கோடு போடத் தொடங்கியது. கோடு அழகாகத்தான் வந்தது. டீச்சர் காகிதத்தைச் சுருட்டிக் குடையோடு சேர்த்துப் பிடித்துக்கொண்டு போனார்.

இரண்டு வருஷக் கணக்கு போதாது என்று ஆய்வேடு திரும்பி வந்தது. பதிவு முடிந்தது. அடுத்த கல்வியாண்டில் அவருடைய பெயர் சிவில் துறைப் பலகையில் இல்லை. வித்துராவில் ஒரு பாரலல் காலேஜில் கணக்குச் சொல்லிக் கொடுக்கிறார் என்று கேள்விப்பட்டேன். தேர்வில் தோற்ற பிள்ளைகள் திரும்ப எழுதுவதற்காகப் படிக்கிற இடம். எங்கள் பொது நிரலோ நன்றாக ஓடியது. மற்றவர்கள் எல்லோரும் படம் போட்டார்கள். பட்டம் வாங்கினவர்கள் முன்னுரையில் எனக்கு நன்றி சொல்லியிருந்தார்கள். அந்தப் பக்கங்களை நான் வீட்டுக்குக் கொண்டுபோகவில்லை.

ஐந்தாறு வருஷம் போயிற்று. தங்கைக்குக் கல்யாணம் ஆகிவிட்டது. தலைவர் ஓய்வு பெற்றுவிட்டார். ஒரு சாயங்காலம் கிழக்கேகோட்டை பஸ் நிற்கிற இடத்தில் டீச்சரைப் பார்த்தேன். காதோரம் நரைத்திருந்தது. அதே மாதிரி ஒரு கறுப்புக் குடை. "சாரே, சுகந்தன்னே?" என்று அவர்தான் முதலில் விசாரித்தார். வித்துரா பஸ்ஸுக்குக் காத்திருந்தார்.

சொல்லிவிட்டேன். கூட்டத்துக்கு நடுவில் நின்று, தமிழும் மலையாளமுமாக உளறிக் கொட்டினேன். டிஸ்க் கெடவில்லை, அழித்தது நான், இப்படி ஒரு வார்த்தை, அதை நான் இப்படி எடுத்துக்கொண்டேன் என்று எல்லாவற்றையும். அவர் குறுக்கிடாமல் கேட்டார். திட்டுவார் என்று நினைத்தேன். திட்டினால் நன்றாக இருக்கும் என்றும் நினைத்தேன்.

"அந்நு ஒந்நு பறயாமாயிருந்நில்லே?" என்றார். அன்றைக்கே சொல்லியிருக்கலாமே என்று.

பிறகு மெதுவாகச் சொன்னார். இயந்திரம் கெட்டதற்கெல்லாம் பல்கலைக்கழகம் அவகாசம் கொடுக்காது. நகல் வைத்துக்கொள்வது மாணவர் பொறுப்பு என்று எழுதிவிட்டார்களாம். கல்லூரி ஊழியரின் பிழையால் அழிந்தது என்று ஒரு வரி இருந்திருந்தால் இன்னும் இரண்டு வருஷம் கொடுத்திருப்பார்கள். குழாய்கள் அப்போதும் சரிவில் அப்படியே இருந்தன. இரண்டு மழைக்காலம் மறுபடி போய் அளந்திருப்பேன், எனக்குப் பஸ் பழக்கம்தானே என்றார். சொன்னால் அவருக்கு ஒன்றும் திரும்பிக் கிடைக்காது என்றுதான் நாங்கள் சொல்லாமல் இருந்தோம்.

"இப்ப எழுதித் தாரேன் டீச்சர். எங்க வேணும்னாலும் வந்து சொல்லுதேன்" என்றேன். எவ்வளவு அபத்தம் என்று சொல்லும்போதே தெரிந்தது. வித்துரா பஸ் வந்து நின்றது. ஜனம் முண்டியடித்தது. அவர் குடையை மடக்கி, படியில் கால் வைத்து, திரும்பினார்.

"அதொக்கெ இனி மாற்றி வெச்சேக்கு, சாரே" என்றார்.

இந்தத் தடவை எனக்குச் சரியாகவே புரிந்தது. ஒதுக்கி வைத்துவிடு என்கிறார். என் ஊர் அர்த்தத்தில் எடுத்துக்கொள்ள வழியில்லை, அந்த இடத்தில் வைப்பதற்கு என்னிடம் வேறு ஒன்றும் இல்லை. பஸ் போகும்வரை நின்றுவிட்டு அறைக்கு நடந்தேன்.